புற்றுநோய் விடுதியிலிருந்து நிர்வாகப் பொறுப்புக்கு: வன்னித் தாதியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் வேலை செய்யும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும், அந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் உயர்தர மாணவர்களுக்கும் உரிய பக்கம் இது. புற்றுநோய்ப் பராமரிப்பில் தேர்ச்சி பெற்று, பின் விடுதிப் (வார்ட்) பொறுப்பு, மேற்றன் (வைத்தியசாலைத் தாதியரின் தலைவர்), அதற்கு மேலும் போக விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத் திரட்டியிருக்கிறோம்.

வன்னியில் பெரிய புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றும் இல்லையே. இங்கே இருந்துகொண்டு இந்தத் துறையில் என்ன செய்ய முடியும்?

எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் கீமோவுக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் தெல்லிப்பழைக்குப் போகிறார்கள். சிலர் மகரகம அபேக்சா வைத்தியசாலைக்கும், வவுனியாப் பக்கத்தில் சிலர் அநுராதபுரத்துக்கும் போகிறார்கள். ஆனால் ஒரு கீமோச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வழக்கமாக மூன்று கிழமை இருக்கிறது. அந்த நாட்களை நோயாளி துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ முருங்கனிலோ தன் வீட்டில்தான் கழிக்கிறார். காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண், நோவு எல்லாம் அப்போதுதான் வருகின்றன. அவர் முதலில் வந்து நிற்பது மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில்.

அந்த வேளையில் யார் முன்னால் நிற்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வன்னியில் புற்றுநோய்த் தாதியத்தின் நடுப்பகுதி இதுதான். தலைமைப் பொறுப்புக்கான பயிற்சியும் இங்கேதான் கிடைக்கிறது, ஏனென்றால் இந்த இடைவெளியை ஒழுங்குபடுத்த யாரும் உங்களுக்கு உத்தரவு தரப்போவதில்லை.

தாதியாவதற்கு எந்த வழியால் வருவது நல்லது?

இரண்டு வழிகள். ஒன்று, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது விண்ணப்பித்து, யாழ்ப்பாணம், வவுனியா போன்ற தாதியர் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா. படிக்கும் காலத்திலேயே கொடுப்பனவு கிடைக்கும். மற்றது, இசட் புள்ளி அடிப்படையில் பல்கலைக்கழகம் போய் நான்கு வருடத் தாதியப் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அது உண்டு. எந்த வழியால் வந்தாலும் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு வேண்டும். வீட்டில் உடனடியாக வருமானம் தேவை என்றால் டிப்ளோமா வழியில் வருவதில் எந்தக் குறைவும் இல்லை. பட்டத்தைப் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே முடிக்கலாம்.

பொறுப்பு கேட்பதற்கு முன் கையில் என்ன தேர்ச்சி இருக்க வேண்டும்?

கீமோ கொடுக்கும் பிரிவில் வேலை செய்யக் கிடைத்தால் விடாதீர்கள். தெல்லிப்பழையில் ஒரு தவணை இடமாற்றமோ, குறுகிய காலப் பயிற்சியோ கிடைத்தால்கூடப் போதும். அங்கே மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படியிலும் என்ன பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்று பார்த்துவாருங்கள்.

மருந்து நாளத்துக்கு வெளியே கசிவதை எடுத்துக்கொள்வோம். நோயாளி "எரியுது மிஸ்" என்று சொன்ன உடனே மருந்தை நிறுத்த வேண்டும். கனூலாவை (நாளத்தில் ஏற்றிய சிறு குழாயை) உடனே கழற்றக்கூடாது, அதன் வழியாகவே உறிஞ்சக்கூடியதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். சேலைன் விட்டுக் கழுவிப் பார்ப்பது வழமையான தவறு, அது மருந்தை இன்னும் தசைக்குள் தள்ளும். டொக்ஸோரூபிசின் கசிந்தால் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டீன் கசிந்தால் வெப்ப ஒத்தடம். இரண்டையும் மாற்றிச் செய்தால் புண் பெரிதாகும். கசிந்த இடத்தின் எல்லையைப் பேனையால் வரைந்து, நேரத்தை எழுதி, மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

வின்கிறிஸ்டீன் முள்ளந்தண்டுக்குள் போனால் மரணம். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு சேலைன் பையில் கலந்து வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பையில் இருக்கும் மருந்தை முள்ளந்தண்டு ஊசியில் தவறுதலாகப் பொருத்துவது கடினம். கவனமாக இரு என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, பிழையே நடக்க முடியாதபடி வேலையை அமைப்பது நல்லது. பிழைகளை இந்தக் கண்ணால் பார்க்கப் பழகியவர்தான் நாளைக்கு நல்ல பொறுப்பாளர்.

கீமோ முடிந்து 48 மணி நேரத்துக்கு நோயாளியின் சிறுநீர், வாந்தி, மலத்தில் மருந்து இருக்கும். உங்கள் விடுதியில் அதைத் துப்புரவு செய்யும் சுகாதார உதவியாளருக்குக் கையுறையும் ஏப்ரனும் கிடைக்கிறதா? அவருக்கு யாராவது இதை விளக்கியிருக்கிறார்களா? பல இடங்களில் இல்லை. கர்ப்பிணியாக இருக்கும் உதவியாளரையோ தாதியையோ இந்த வேலையில் விடக்கூடாது.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. போரில் காயப்பட்ட பலரின் உடலில் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பும் முன் அதைக் கேட்டு, அனுப்பும் கடிதத்தில் எழுதுங்கள். தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், பலருக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது. அதேபோல, மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கட்டிகள் எடுக்கப்பட்ட பக்கக் கையில் பிரஷர் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் தவிர்க்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தில் ஓர் அறிவித்தல் போட்டால் இரவு டியூட்டிக்கு வருகிறவருக்கும் தெரியும்.

ஒரு சாதாரண விடுதித் தாதி, பதவி எதுவும் இல்லாமல், எந்த வேலையைத் தொடங்கி முன்னுக்கு வரலாம்?

காய்ச்சலில் தொடங்குங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கீமோ எடுத்து ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் வெண்குழியங்கள் மிகக் குறைவாக இருக்கும். நியூட்ரோபில் (வெண்குழியங்களில் ஒரு வகை) எண்ணிக்கை ஒரு கன மில்லிமீற்றருக்கு 500-க்குக் கீழே போனவருக்கு, ஒரு தடவை 38.3 பாகை செல்சியஸ் காய்ச்சலோ, ஒரு மணி நேரம் நீடிக்கும் 38 பாகையோ வந்தால் அது அவசர நிலை. முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். சீழ், வீக்கம் எதுவும் தெரியாது, அவற்றை உண்டாக்கும் வெண்குழியங்களே இல்லை. ஆள் நடந்து வந்து கதைத்துக்கொண்டிருப்பார், சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார்.

எங்கே தாமதம்? வழமையாக நான்கு இடங்களில். வீட்டில் பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிடுகிறார்கள். வெளிநோயாளர் வரிசையில் மற்றக் காய்ச்சல்காரர்களோடு காத்திருக்கிறார். விடுதிக்கு வந்தபின் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஊசியை நிறுத்திவைக்கிறார்கள். கடைசியாக, மருந்து விடுதியில் இல்லை, மருந்துக் களஞ்சியம் பூட்டியிருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் மலிவான தீர்வு உண்டு. நோயாளிக்கு ஒரு கடும் நிற அட்டை கொடுங்கள். அதில் கீமோவின் பெயர், கடைசியாக எடுத்த திகதி, சிகிச்சை கொடுத்த பிரிவின் தொலைபேசி, "காய்ச்சல் என்றால் உடனே உள்ளே விடவும்" என்ற ஒரு வரி. வெப்பமானி வாங்க வசதியில்லாத குடும்பத்துக்குக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள். பனடோலுக்கு முன் வெப்பம் பார்க்கச் சொல்லுங்கள். மலவாசல் வழியாக மாத்திரை வைப்பதும் வெப்பம் பார்ப்பதும் கூடாது என்று சொல்லி வையுங்கள். இரத்தம் எடுத்தவுடன், முடிவுக்குக் காத்திராமல் முதல் ஊசியைப் போடும் நடைமுறையை மருத்துவ நிபுணரிடம் எழுத்தில் பெற்று, விடுதியிலும் வெளிநோயாளர் பிரிவிலும் ஒட்டுங்கள். முதல் வேளைக்கான மருந்தை விடுதி இருப்பில் வைக்க அனுமதி கேளுங்கள்.

இதற்கு முன் ஒரு வேலை உண்டு: அளந்து பாருங்கள். ஒரு கொப்பியில் ஆறு நிரல்: திகதி, வந்த நேரம், வெப்பம், இரத்தம் எடுத்த நேரம், முதல் ஊசி நேரம், தாமதத்தின் காரணம். மூன்று மாதம் எழுதுங்கள். பிறகு மாற்றத்தைச் செய்து, இன்னொரு மூன்று மாதம் எழுதுங்கள். எண்ணிக்கை பத்துப் பதினைந்து பேராக இருந்தாலும் பரவாயில்லை. இந்த இரண்டு தாள்களை வைத்தியசாலையின் தர முகாமைத்துவப் பிரிவுக்குக் காட்டலாம், மாகாண ஆய்வரங்கில் வைக்கலாம், நேர்முகத்தில் மேசையில் போடலாம். நேர்முகத்தில் தன் சேவை வருடங்களைச் சொல்கிறவர் பலர். தான் மாற்றிய ஒன்றை எண்ணோடு காட்டுகிறவர் மிகச் சிலர்.

பதவிப் படிகள் எப்படிப் போகின்றன?

இலங்கைத் தாதியர் சேவையில் மூன்றாம் தரத்தில் தொடங்கி, இரண்டாம், முதலாம் தரம், பின் விசேட தரம். தரம் உயர்வதற்கு வினைத்திறன்காண் தடைப் பரீட்சையும் சேவைக் காலமும் மாசற்ற சேவைப் பதிவும் வேண்டும். சிஸ்ரர் அல்லது மாஸ்ரர் (விடுதிக்குப் பொறுப்பான தாதி) பொறுப்புக்கு, கொழும்பிலுள்ள மேல் அடிப்படைத் தாதியர் கல்லூரியின் விடுதி முகாமைத்துவப் பயிற்சி முக்கியமானது. கற்பித்தல் பக்கம் போக விரும்புவோருக்கு அங்கேயே வேறு பயிற்சி உண்டு. அதற்கு மேல் மேற்றன், தலைமை மேற்றன். அமைச்சில் மருத்துவ சேவை, பொதுச் சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்குத் தாதியப் பணிப்பாளர் பதவிகள் இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்தியசாலைப் பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பதவிகள் மருத்துவ நிர்வாகத்தில் தகுதி பெற்ற மருத்துவர்களுக்கு உரியவை. எவ்வளவு படித்தாலும் தாதியர் அந்தக் கதிரைக்குப் போவதில்லை. ஆனால் ஒரு வைத்தியசாலையில் மிகப் பெரிய ஆளணியை நடத்துவது மேற்றன்தான், நோயாளியின் இருபத்துநான்கு மணி நேரமும் அந்த ஆளணியின் கையில்தான் இருக்கிறது.

விடுதிப் பொறுப்புக்கு இடம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர், தர முகாமைத்துவப் பிரிவின் தாதி, பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் ஆகிய மூன்றும் வைத்தியசாலை முழுவதையும் பார்க்கப் பழக்கும் இடங்கள். புற்றுநோய்ப் பராமரிப்பில் ஈடுபாடு உள்ளவருக்கு பொதுச் சுகாதாரப் பக்கம் மிகப் பெறுமதியானது. 35 வயதுப் பெண்களை இலக்காகக் கொண்டு புற்றுநோய் அறிகுறிகளைத் தேடும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நடக்கிறது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் போடப்படுகிறது. ஆண்களில் வாய்ப் புற்றுநோய் முன்னிலையில் இருக்கும் நாட்டில், வெற்றிலை, புகையிலையோடு வயலுக்குப் போகிறவர்களின் வாயைத் திறந்து பார்க்க ஒரு ரோர்ச் லைற்றும் ஐந்து நிமிடமும் போதும். மூன்று கிழமையில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் அனுப்ப வேண்டும்.

கிளினிக் நாள் போடும்போது ஊரின் நாட்காட்டியையும் பாருங்கள். காலபோக அறுவடைக் கிழமைகளிலும், வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழாக் காலங்களிலும் கிளினிக் வைத்து, வரவு குறைந்தபின் "சனம் அக்கறையில்லை" என்று எழுதுவதில் நியாயம் இல்லை.

ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) போடுவதுதான் எல்லாரையும் பயப்படுத்துகிறது. எப்படிக் கணக்குப் பார்ப்பது?

உதாரணமாக ஒரு விடுதிக்குக் காலையில் 4 பேர், பின்னேரம் 3 பேர், இரவில் 2 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை, பின்னேரம் 6 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 24, 18, 24 ஆக மொத்தம் 66 மணி நேரம். கிழமைக்கு 462. ஒருவர் கிழமைக்கு 36 மணி நேரம் வேலை செய்தால் 12.8, அதாவது 13 பேர். இங்கேதான் புதிய பொறுப்பாளர்கள் நிற்பாட்டிவிடுகிறார்கள். அரச ஊழியருக்கு வருடத்தில் அமைய விடுமுறை 21, ஓய்வு விடுமுறை 24, கூட்டினால் 45 நாள். வேலை நாள் 300 என்று கொண்டால் அது 15 வீதம். அதைச் சேர்த்தால் 15 பேர் வேண்டும். ஒருவர் பிரசவ விடுமுறையில் போனால் 16.

ஆள் பற்றாக்குறை என்று வெறுமனே எழுதிய கடிதம் கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். மேலே உள்ள கணக்கை அப்படியே எழுதி, இப்போது இருப்பது எத்தனை, அதனால் எந்த நேரத்தில் எந்த வேலை விடுபடுகிறது என்று சொன்ன கடிதத்துக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

இரவு டியூட்டியைப் பங்கிடும்போது, முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களுக்கு மாலையில் பஸ் குறைவு என்பதையும், பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய்மார் பலர் உங்கள் ஆளணியில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆனால் சலுகையை எல்லாரும் பார்க்கும்படி எழுதிய விதியாக வையுங்கள். காதோடு காதாகக் கொடுத்த சலுகை ஆறு மாதத்தில் விடுதியை இரண்டாகப் பிரித்துவிடும்.

என்னைவிட வயதில் மூத்த அக்காமாருக்கு நான் எப்படி வேலை சொல்வது?

அக்கா என்றே கூப்பிடுங்கள், மரியாதையில் எதையும் குறைக்க வேண்டாம். வேலையை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். "அக்கா, இந்த மருந்தை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேணும், நீங்கள் முதலில் பாருங்கோ, நான் இரண்டாவதாகப் பார்க்கிறன்" என்று நீங்களும் அதே விதிக்குள் நின்றால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். இடம்பெயர்வுக் காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாமல் நோயாளர்களைப் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. பிழை நடந்தால் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். தனியே, அதே நாளில், நடந்ததை மட்டும் வைத்துக் கேளுங்கள்.

நோயாளியிடம் நோயைச் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் என்ன செய்வது?

அடிக்கடி நடக்கும். குடும்பத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம், பொய் சொல்ல ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். முதலில் அவர்களின் பயம் என்ன என்று கேளுங்கள். போரில் ஏற்கெனவே இழப்புகளைக் கண்ட குடும்பமாக இருக்கலாம். பிறகு நோயாளியிடம், "உங்களுக்கு என்ன நடக்குது எண்டு எவ்வளவு தெரிய விரும்புறீங்கள் ஐயா?" என்று கேளுங்கள். அவர் கேட்டால் மருத்துவர் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். யார் எதைச் சொன்னார்கள் என்பதை நோயாளிக் குறிப்பில் எழுதாவிட்டால், அடுத்த முறை டியூட்டியில் வருகிறவர் தெரியாமல் உடைத்துவிடுவார்.

கடும் நோவுக்குக் கொடுக்கும் மோபின் விஷயத்தில் விடுதிகள் ஏன் தயங்குகின்றன?

பழகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்ற பயம். சரியாகத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டினால் புற்றுநோய் நோவுக்கு அது பாதுகாப்பான மருந்து. வாயால் கொடுக்கும் சாதாரண மோபினை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். நோவு வந்தபின் கொடுப்பது பிந்திய வேலை. இடையில் நோவு பீறினால், நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு. அதாவது 10 மில்லிகிராம் வீதம் ஆறு தடவை, மொத்தம் 60 எடுப்பவருக்கு இடை வேளை 10 மில்லிகிராம். கூடவே மலமிளக்கி கட்டாயம். மோபினை நோயாளி தானாக நிறுத்துவதற்குப் பெரும்பாலான காரணம் மலச்சிக்கல்தான்.

பொறுப்பாளரின் பங்கு: இரட்டைப் பூட்டு, பதிவேட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு, இருப்பு முடிய இரண்டு கிழமைக்கு முன் கோரிக்கை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மோபின் முடிந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது அந்த விடுதியின் மிக மோசமான நாள்.

பட்டப்படிப்பு அவசியமா? எப்போது?

மேற்றனுக்கு மேலே, கற்பித்தலுக்கு, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு வேண்டும். ஆனால் முதல் இரண்டு மூன்று வருடத்தைக் கட்டில் பக்கத்தில் செலவழியுங்கள். திறந்த பல்கலைக்கழகப் படிப்பில் இடையில் விடுகிறவர்கள் பெரும்பாலும் பாடம் கடினம் என்பதால் விடுவதில்லை. பரீட்சை நாளும் இரவு டியூட்டியும் மோதுவதால் விடுகிறார்கள். வருடத் தொடக்கத்திலேயே பரீட்சை அட்டவணையைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கல்வி விடுமுறையோடு வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் எத்தனை வருடச் சேவைக் கட்டாயம் என்று வாசியுங்கள்.

சிங்களம் தெரியாமல் மேலே போகலாமா?

தரம் உயரவே இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்கப்படும். அதைவிட, கொழும்பில் பயிற்சி, அமைச்சுக் கூட்டம், மகரகமவுக்கு நோயாளி பற்றிய தொலைபேசி எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆங்கிலமும் அப்படியே, மருந்து நெறிமுறைகள் அதில்தான் வருகின்றன. சேவையில் சேர்ந்த முதல் வருடமே தொடங்குங்கள், பிள்ளைகள் பிறந்தபின் நேரம் கிடைக்காது.

வெளிநாடு போய்விட்டு வந்து பொறுப்பு எடுப்பது நல்ல வழியா?

போவது உங்கள் உரிமை. பிரித்தானியாவுக்கு என்றால் ஆங்கிலப் பரீட்சை வேண்டும்: ஐ.இ.எல்.ரி.எஸ்.-இல் ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5, அல்லது ஓ.ஈ.ரி.-இல் பி, எழுத்தில் சி பிளஸ். பிறகு கணினிப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை. அங்கே ஐந்தாம் பட்டையில் (சம்பளப் படி) தொடங்கி, விடுதி முகாமையாளர் ஏழாம் பட்டை. இங்கே உங்களுக்கு இருக்கும் பணிமூப்பு அங்கே தானாகக் கணக்கில் வராது. திரும்பி வரும் எண்ணம் இருந்தால் பதவி விலகாமல், முறைப்படி சம்பளமற்ற விடுமுறை எடுத்து, அந்த அனுமதிக் கடிதத்தின் பிரதியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேர்முகத்துக்கு என்ன கொண்டுபோவது?

நியமனக் கடிதம், உறுதிப்படுத்தல் கடிதம், தடைப் பரீட்சைப் பெறுபேறு, தாதியர் பேரவைப் பதிவு, பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் மூலமும் பிரதியும், திகதி வரிசையில். போரிலும் இடம்பெயர்விலும் ஆவணம் தொலைந்தவர்கள் இரண்டாம் பிரதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், அழைப்பு வந்தபின் அந்த இரண்டு கிழமையில் அது கிடைக்காது. உங்கள் சுயவிபரக் கோவையை வருடத்துக்கு ஒருதடவை நிர்வாகக் கிளையில் கேட்டுப் பாருங்கள். விடுமுறைக் கணக்கில் ஒரு பிழை, பதியப்படாத ஒரு பயிற்சி, தவறாக எழுதிய ஒரு பிறந்த திகதி, இவற்றில் ஒன்றே தர உயர்வை வருடக்கணக்கில் பிந்த வைக்கும். காய்ச்சல் கொப்பியின் இரண்டு தாள்களையும் கோவையின் மேலேயே வையுங்கள். கேட்பார்கள் என்று காத்திராமல், "நான் இதைச் செய்தேன்" என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள்.